லேசர் ஒன்று சொல்கிறது, மேஸ்திரியின் டியூப் வேறொன்று சொல்கிறது: எதை நம்புவது?

கேள்வி இதுதான். ஆன்லைனில் 16 லைன் பச்சை லேசர் லெவல் ஒன்று, அதாவது சுவரில் ஒளியால் மட்டக்கோடும் செங்குத்துக் கோடும் போட்டுக் காட்டும் கருவி, வாங்கியிருக்கிறீர்கள். 8 மீட்டர் நீள ஹாலில் டைல்ஸ் போட மட்டம் எடுத்தால், மேஸ்திரி தண்ணீர் டியூப் வைத்துப் பார்த்ததற்கும் லேசருக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் வருகிறது. கருவி சாய்ந்தால் எச்சரிக்கையாக லைன் மின்ன வேண்டும், பீப் அடிக்க வேண்டும், இரண்டும் இல்லை, அதனால் லேசர்தான் சரி என்று நினைக்கிறீர்கள். கூடவே வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான், கண்ணுக்கு ஏதாவது ஆகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். சோதித்துப் பார்க்கும் வரை டியூபைத்தான் நம்ப வேண்டும். லேசர் மின்னவில்லை என்பதற்கு "மட்டம் சரி" என்று அர்த்தம் இல்லை. அது வேறு ஒன்றைச் சொல்கிறது, அதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். இந்த ரகக் கருவிகளில் பெட்டியின் மேல் பெரும்பாலும் 10 மீட்டருக்கு ±3 மி.மீ. என்று போட்டிருக்கும், கொஞ்சம் நல்லவற்றில் ±2 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. என்றால் நம் கொத்தனார் கணக்கில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. உங்கள் 8 மீட்டருக்கு அது 2.4 மி.மீ. வருகிறது. உங்களுக்கு வந்திருப்பது 15 மி.மீ., அனுமதித்ததைப் போல ஆறு மடங்கு. கருவி கொஞ்சம் காலிப்ரேஷன் (கம்பெனியில் செய்த அளவுத் திருத்தம்) விலகியிருக்கிறது என்று சொல்லிக் கடந்துபோகிற அளவு இல்லை இது. உள்ளே தொங்கும் பெண்டுலத்தைப் பிடித்து வைக்கும் லாக்கைப் போட்டபடியே லைன் எரிந்திருக்க வேண்டும், இல்லை அந்தப் பெண்டுலம் எங்கோ சிக்கியிருக்க வேண்டும், இல்லை இரண்டு மார்க் போடும் நடுவில் யாரோ கருவியை நகர்த்தியிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் டியூபில் காற்றுக் குமிழி இருந்திருக்க வேண்டும்.

டியூபை ஏன் முதலில் நம்பச் சொல்கிறேன் என்றால், அதற்குக் காலிப்ரேஷன் என்ற ஒன்றே கிடையாது. இரண்டு முனையும் திறந்திருந்து நடுவில் தண்ணீர் தடையில்லாமல் நின்றால், இரண்டு பக்கமும் ஒரே மட்டம்தான், வேறு வழியே இல்லை. அது பொய் சொல்வது மூன்று இடங்களில். ஒன்று குமிழி: டியூபின் குறுக்களவு முழுவதையும் அடைத்துக்கொண்டு 2 செ.மீ. நீளக் குமிழி செங்குத்தாகத் தொங்கும் பகுதியில் நின்றால் கிட்டத்தட்ட அதே 2 செ.மீ. தப்பு காட்டும், தரையில் படுத்திருக்கும் பகுதியில் நின்றால் ஒன்றும் செய்யாது. இரண்டாவது, யாராவது ஒரு முனையைக் கட்டைவிரலால் மூடியபடியே படிப்பது, அல்லது டியூப் எங்காவது மடங்கிக் கிடப்பது. மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை, அது வெயில். ஒரு பக்கத் தண்ணீர் நிழலில் 30 டிகிரியிலும் மறுபக்கம் வெயில் பட்டு 45 டிகிரியிலும் இருந்தால், 1 மீட்டர் உயரத் தண்ணீருக்கு 5 மி.மீ.க்கு மேலேயே வித்தியாசம் வந்துவிடும், சூடான தண்ணீர் எடை குறைவு, அதனால் உயர நிற்கும். மொட்டை மாடியில் டியூப் பிடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் ஹாலுக்குள் இந்தப் பிரச்சினை வராது என்று நினைக்கிறேன். ஆக டியூபைத் தரையில் நீட்டிப் போட்டு, முழு நீளமும் குமிழி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மட்டம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டால் உங்கள் கையில் ஒரு நல்ல நடுவர் இருக்கிறார்.

இப்போது லேசருக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது தெரிந்தால் மற்ற எல்லாம் தானாகப் புரிந்துவிடும். வீட்டு வேலைக்கு வரும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் மோட்டார் எதுவும் கிடையாது. சிறு பேரிங்குகளில் ஒரு பெண்டுலம் தொங்குகிறது, லேசர் டையோடுகள் அதன் மேல்தான் பொருத்தப்பட்டிருக்கும். நீங்கள் கருவியைக் கொஞ்சம் சாய்வாக வைத்தாலும் பெண்டுலம் புவியீர்ப்பில் நேராகத் தொங்கும், லைனும் நேராகும். ஆடிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக, பெண்டுலத்தின் அடியில் ஒரு செம்பு அல்லது அலுமினியத் துண்டும் பக்கத்தில் காந்தமும் இருக்கும். உலோகம் காந்தப் புலத்தில் அசையும்போது உண்டாகும் சுழல் மின்னோட்டம் ஆட்டத்தை அடக்கிவிடும். எதுவும் எதையும் தொடாமலே பிரேக் பிடிக்கிற ஏற்பாடு, நல்ல யோசனை.

எச்சரிக்கை மணி எப்படி வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம். சாதாரணக் கருவிகளில் பெண்டுலத்தின் அடி முனையைச் சுற்றி ஓர் உலோக வளையம் இருக்கும். கருவி 3 அல்லது 4 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் முனை அந்த வளையத்தைத் தொட்டு சர்க்யூட் மூடும், லைன் மின்னும், பீப் அடிக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. 4 டிகிரி என்பது 1 மீட்டருக்கு 7 செ.மீ. சாய்வு. அதற்குள் பெண்டுலம் எங்கே நின்றாலும் மணி அடிக்காது. தூசி விழுந்து பேரிங் இறுகி பெண்டுலம் பாதியில் நின்றாலும் அடிக்காது. கீழே விழுந்து ஒரு டையோடு லேசாகக் கோணிக்கொண்டாலும் அடிக்காது. பெண்டுலத்தின் நீளம் 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மீட்டருக்கு 0.3 மி.மீ. துல்லியம் வேண்டும் என்றால் அதன் அடி முனை 0.015 மி.மீ.க்குள் தன் இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். தலைமுடியின் தடிமனே அதைவிடச் சில மடங்கு அதிகம். சிமெண்ட் தூசி பறக்கும் இடத்தில், பைக் டிக்கியில் குலுங்கி வந்த ஒரு கருவியிடம் இதை எதிர்பார்க்கிறோம், அதனால்தான் மின்னாமல் இருப்பதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

லாக் விஷயம். பக்கவாட்டில் ஒரு திருகு அல்லது தள்ளும் சுவிட்ச் இருக்கும். லாக்கில் பெண்டுலம் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும், எடுத்துச் செல்லும்போது அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பல கருவிகளில் லாக்கிலும் லைனை எரிய வைக்கலாம், படிக்கட்டுக் கைப்பிடி மாதிரி சாய்வுக் கோடு தேவைப்படுகிற வேலைக்காக. சிலவற்றில் அப்போது சில விநாடிக்கு ஒரு முறை மின்னி ஞாபகப்படுத்தும், சிலவற்றில் ஒரு சின்ன விளக்கு நிறம் மாறும், மலிவானவற்றில் சில சமயம் ஒன்றும் இருக்காது. லாக்கில் வரும் லைன் நீங்கள் கருவியை வைத்த தரையின் சாய்வைத்தான் காட்டும். உங்கள் ஒன்றரை சென்டிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். லாக்கைத் திறந்தபடி கருவியைக் கையில் எடுத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கொஞ்ச தூரம் சாயும் வரை லைன் சுவரில் கிடைமட்டமாகவே நின்று, பிறகு மின்ன ஆரம்பிக்க வேண்டும். கருவியோடு சேர்ந்து லைனும் சாய்ந்தால் பெண்டுலம் விடுபடவே இல்லை.

கண் விஷயத்துக்கு வருகிறேன். கருவியின் மேல் மஞ்சள் ஸ்டிக்கரில் லேசர் கிளாஸ் போட்டிருக்கும், ஐ.இ.சி. 60825-1 என்ற தரநிலைப்படி. கிளாஸ் 2 என்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளி, தொடர்ந்து எரிவதாக இருந்தால் அதிகபட்சம் 1 மில்லிவாட். கண்ணில் பட்டால் கால் விநாடிக்குள் நாமே கண்ணை மூடிவிடுவோம் அல்லது திரும்பிவிடுவோம், அந்த நேரத்துக்குள் விழித்திரைக்குக் கெடுதல் வராது என்பதுதான் அந்த வகுப்பின் அடிப்படை. கவனியுங்கள், இது தற்செயலாகப் படுவதற்கான கணக்கு. பச்சை வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கருவியின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கும் பையனுக்கு அந்தக் கணக்கு செல்லாது, அவன் வேண்டுமென்றே உற்றுப் பார்ப்பான். கிளாஸ் 3ஆர் என்று போட்டிருந்தால் 5 மில்லிவாட் வரை போகலாம், குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். ஸ்டிக்கரே இல்லாமல் வந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், அதில் பேச ஒன்றுமில்லை.

ஸ்டிக்கர் இருந்தாலும் முழுசாக நம்பலாமா என்று கேட்டால், பாதி நம்பலாம். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2013-இல் 122 லேசர் பாய்ன்டர்களைச் சோதித்தபோது, பச்சையில் ஏறக்குறைய 90 சதவீதமும் சிவப்பில் சுமார் 44 சதவீதமும் அந்த நாட்டு விதிக்கு உட்படவில்லை. அவை பாய்ன்டர்கள், லெவல் கருவி இல்லை, லெவலில் ஒளி ஒரு கோடாக விரிந்துவிடுவதால் கண்ணுக்குள் நுழைவது அதில் சிறு பகுதிதான். ஆனாலும் கருவிக்கு மிக அருகில் அது விரிந்திருக்காது, தூக்குக்குண்டுப் புள்ளியாக மேலும் கீழும் விழும் ஒளி விரிவதே இல்லை. அதனால் நடைமுறையில் நான் கடைப்பிடிப்பது: லைனை நிற்பவர்களின் கண் மட்டத்திலோ பையனின் கண் மட்டத்திலோ வைக்க மாட்டேன், இடுப்புயரம் அல்லது தலைக்கு மேல்தான். உங்கள் பையனின் கண் உங்கள் இடுப்புயரத்தில்தான் இருக்கும், எனவே அவன் அந்த அறைக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிலைக்கண்ணாடி, பளபளக்கும் விட்ரிஃபைட் டைல், எஸ்.எஸ். கைப்பிடி இவை ஒளியைத் திருப்பி வேறு இடத்தில் அடிக்கும், கண்ணாடியை ஒரு துணியால் மூடிவிடலாம். இன்ஜினியர் ஆட்டோ லெவலோ டோட்டல் ஸ்டேஷனோ (டெலஸ்கோப் உள்ள சர்வே கருவிகள்) வைத்திருந்தால் அதன் டெலஸ்கோப் வழியாக லேசரை ஒருபோதும் பார்க்கக் கூடாது, லென்ஸ் ஒளியைக் குவித்துக் கொடுக்கும்.

இன்னொன்று, கருவியோடு ஒரு பச்சை அல்லது சிவப்புக் கண்ணாடி இலவசமாக வரும். அது பாதுகாப்புக் கண்ணாடி இல்லவே இல்லை. வெளிச்சத்தில் லைன் நன்றாகத் தெரியட்டும் என்பதற்காக மற்ற நிறங்களைக் குறைத்துக் காட்டும் கண்ணாடி அது, லேசரின் நிறத்தைத் தாராளமாக உள்ளே விடும். அதைப் போட்டுக்கொண்டு தைரியமாக ஒளியைப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையில் சைட்டில் லேசரால் வரும் ஆபத்தில் எனக்குப் பயம் கண்ணைவிட ஏணிதான். ஏணி மேல் நிற்பவர் திரும்பும்போது கண்ணில் பளீரென்று பட்டால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரு கணம் தடுமாறுவார். ஃபால்ஸ் சீலிங் வேலையில் தலைக்கருகில்தான் லைன் ஓடும், அங்கே ஆள் ஏறும் பக்கத்தில் லைன் வராதபடி கருவியை வையுங்கள், தேவையில்லாத லைன்களை அணைத்துவிடுங்கள். 16 லைனும் ஒரே நேரத்தில் எரிய வேண்டிய வேலை எதையும் நான் பார்த்ததில்லை. அது பெட்டியில் அச்சடிப்பதற்கான எண்ணிக்கை, நான்கு முழு வட்டங்களைத்தான் பதினாறாக்கி எண்ணுகிறார்கள். அப்புறம், இரும்பில் ஒட்டுவதற்குக் காந்தம் வைத்த பிராக்கெட் கொடுத்திருப்பார்கள், வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் அதை அவர்கள் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

நிறுவுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் அவசரப்படக் கூடாது. வெயிலில் நின்ற காரிலிருந்தோ பைக் பெட்டியிலிருந்தோ எடுத்து வந்தால் உடனே மட்டம் எடுக்காதீர்கள், அறையின் வெப்பத்துக்கு அது இறங்கட்டும், கால் மணி, அரை மணி ஆகலாம். ட்ரைபாடின் திருகு அளவு இரண்டு வகை, கேமரா ட்ரைபாடில் கால் அங்குலம், சர்வே ட்ரைபாடில் 5/8 அங்குலம். பொருந்தாததைச் சுற்றி இறுக்கி அடியில் உள்ள மரையைக் கெடுத்துவிடாதீர்கள், அடாப்டர் கிடைக்கும். பளிங்குத் தரையில் ட்ரைபாட் கால் மெல்ல விரிந்துகொண்டே போகும், கண்ணுக்கே தெரியாது, அரை மணியில் லைன் 2 மி.மீ. இறங்கியிருக்கும். காலுக்குக் கீழே ஒரு பழைய ரப்பர் மேட்டோ ஈரச் சாக்கோ போட்டால் நிற்கும். நடுத்தண்டை முழுசாக மேலே இழுக்காதீர்கள், ஃபேன் காற்றுக்கே ஆடும். புதிதாகப் பதித்த டைல் மேல் வைக்கவே கூடாது. ஒட்டி வேலை செய்யும் ஆள் சுவரில் ரோட்டரி ஹேமர் அடித்துக்கொண்டிருந்தால் லைன் நடுங்கும், அந்த நேரத்தில் போட்ட மார்க் செல்லாது. வைத்தவுடன் சுவரில் ஒரு பென்சில் மார்க் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், நாள் முழுக்க அவ்வப்போது அதைத் திரும்பிப் பார்த்தால் யாராவது இடித்துவிட்டார்களா என்று தெரிந்துவிடும். இந்த ஒரு மார்க்கைப் போடாததால்தான் பாதித் தகராறு.

இனி சோதனை. முதலில் தட்டிப் பார்ப்பது. லாக்கைத் திறந்து, 5 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் கிடைமட்ட லைனை விழவைத்து, அதன் நடுவில் கூரான பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். லைன் அந்தத் தூரத்தில் 2, 3 மி.மீ. தடிமன் இருக்கும், எப்போதும் நடு மையத்தைத்தான் எடுக்க வேண்டும், மேல் ஓரத்தை ஒருவரும் கீழ் ஓரத்தை இன்னொருவரும் எடுத்தால் அதிலேயே ஒரு நூல் போய்விடும். இப்போது கருவியின் உச்சியை விரலால் லேசாக முன்னால் சாய்த்துவிட்டு விடுங்கள். லைன் சுவரில் மேலும் கீழுமாக இரண்டு மூன்று முறை ஊசலாடி, ஒவ்வொரு முறையும் ஆட்டம் சிறிதாகிக்கொண்டே வந்து, மெல்ல அடங்கி, பென்சில் கோட்டின் மேல் வந்து நிற்க வேண்டும். பிறகு பின்னால் சாய்த்து விடுங்கள், இடது, வலது. நான்கு முறையும் அதே கோடு. ஆட்டம் பாதியில் சடக்கென்று நின்றாலோ, முன்னால் சாய்த்தால் ஓர் இடம், பின்னால் சாய்த்தால் வேறு இடம் என்று நின்றாலோ பேரிங் இறுகிவிட்டது. அந்தக் கருவிக்கு மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம், எந்த மார்க்கும் அதில் நம்ப முடியாது, ஏனென்றால் அதன் தப்பு ஒவ்வொரு முறையும் வேறு அளவில் வரும். கோணலாக இருந்தாலும் ஒரே அளவில் கோணலாக இருக்கும் கருவியோடு கூட வேலை செய்யலாம், இதோடு முடியாது.

அது சரியாக இருந்தால் அடுத்தது சுற்றிப் பார்ப்பது. அதே இடத்தில், அதே உயரத்தில், கருவியை மட்டும் 90 டிகிரி திருப்பி அடங்க விடுங்கள். அதே சுவரில் அதே இடத்தில் லைன் எங்கே விழுகிறது என்று மார்க் போடுங்கள். நான்கு முகத்துக்கும் நான்கு மார்க். 5 மீட்டரில் ஒரு முகத்துக்கு 1.5 மி.மீ. விலகலாம், எனவே உச்சத்துக்கும் அடிக்கும் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஒளித்தளம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் இதில் பிடிபட்டுவிடும்.

பிடிபடாத ஒன்று உண்டு. இந்த 360 டிகிரிக் கருவிகளில் ஒரு கூம்புக் கண்ணாடியில் ஒளியை அடித்துத்தான் சுற்றிலும் பரப்புகிறார்கள். அந்த அமைப்பு சரியில்லை என்றால் எல்லாப் பக்கமும் சமமாக மேலே ஏறும் அல்லது கீழே இறங்கும், தட்டையான தளத்துக்குப் பதிலாக ஒரு விரிந்த கூம்பு. எந்த முகத்தைத் திருப்பினாலும் ஒரே இடத்தில் விழும், நான்கு மார்க்கும் அருமையாக ஒத்துப்போகும், ஆனால் மட்டம் தப்பு. இதைப் பிடிக்கத்தான் இரண்டு சுவர்ச் சோதனை, கம்பெனிக் கையேடுகளிலும் கொஞ்சம் முன்னே பின்னே இதுதான் இருக்கும்.

எதிரெதிரே 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுவர் வேண்டும், ஒன்றை அ, மற்றதை ஆ என்போம். கருவியை அ சுவருக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். அதன் முன் முகத்தை அ பக்கம் திருப்பி, அடங்கியதும் லைன் விழும் இடத்தை மார்க் செய்யுங்கள், இது அ1. உயரம் மாறாமல் கருவியை 180 டிகிரி திருப்பி, அதே முன் முகத்தால் ஆ சுவரில் மார்க், ஆ1. இப்போது கருவியைத் தூக்கி ஆ சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், லைன் சரியாக ஆ1 மேல் விழும்படி ட்ரைபாடை ஏற்றி இறக்குங்கள், கொஞ்சம் பொறுமை வேண்டும், கீழே காகிதத் துண்டு வைத்துக்கூடச் சரிசெய்யலாம். பிறகு உயரம் தொடாமல் 180 டிகிரி திருப்பி, அ சுவரில் அ1-க்கு நேர் மேலேயோ கீழேயோ மார்க், அ2. அ1, அ2 இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் உங்கள் விடை.

ஏன் என்று பாருங்கள். லைன் மீட்டருக்கு 1 மி.மீ. ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆ1 உண்மை மட்டத்துக்கு 5 மி.மீ. மேலே விழும். கருவியை அந்தத் தப்பான உயரத்துக்கே ஏற்றி, அங்கிருந்து திரும்ப அ சுவருக்கு அடித்தால் இன்னொரு 5 மி.மீ. ஏறும். ஆக 10 மி.மீ. வித்தியாசம், அறை 5 மீட்டர்தான் என்றாலும் தப்பு 10 மீட்டருக்கு உண்டானதாகப் பெரிதாகித் தெரிகிறது. எனவே ±3 மி.மீ. கருவிக்கு அ1, அ2 இடைவெளி 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், ஒரு நூல். உங்கள் 8 மீட்டர் ஹாலிலேயே செய்தால் 16 மீட்டர் கணக்கு, 4.8 மி.மீ. வரை விடலாம். டியூப் வித்தியாசம் முழுவதும் லேசரின் தப்பு என்றால் அங்கே 3 செ.மீ. தெரியும், தேட வேண்டியதே இல்லை.

செங்குத்து லைனுக்குத் தூக்குக்குண்டைவிட நல்ல சாட்சி கிடையாது. மாடிப்படி இடைவெளியிலோ உத்திரத்திலோ இரண்டரை, மூன்று மீட்டர் நூலில் குண்டைத் தொங்கவிட்டு, குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கிவிடுங்கள், காற்றுக்கு ஆடாது. ஃபேனை அணைத்துவிட்டு, கருவியைச் சற்றுத் தள்ளி வைத்து செங்குத்து லைனை நூலின் அடிப்பகுதியில் பொருத்துங்கள். சரியாக இருந்தால் வெள்ளை நைலான் நூல் அடி முதல் உச்சி வரை ஒரே பச்சையாக எரியும். கோணலாக இருந்தால் பாதி வரை எரிந்து, மேலே போகப் போக நூல் இருட்டாகி, ஒளி பக்கத்தில் நழுவிப் பின் சுவரில் விழும். இரண்டரை மீட்டருக்கு 0.75 மி.மீ.தான் அனுமதி, எனவே கண்ணுக்கு நழுவுவது தெளிவாகத் தெரிந்தாலே தப்புதான். ஒவ்வொரு செங்குத்து லைனுக்கும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று சரி என்றால் மற்றது சரி என்று ஆகாது.

இரண்டு செங்குத்து லைன்கள் தரையில் வெட்டும் மூலைமட்டத்தை 3-4-5 வைத்துப் பாருங்கள், ஒன்றில் 3 மீட்டர், மற்றதில் 4 மீட்டர், குறுக்கே 5 மீட்டர் வர வேண்டும். குறுக்களவு 3 மி.மீ. தவறினால் 4 மீட்டர் நீளத்தில் 5 மி.மீ. கோணல் என்று கணக்கு, பெரிய டைலில் சுவரோரம் கடைசி வெட்டுத் துண்டு இதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தப்பு கொஞ்சமாக, ஆனால் நிலையாக இருக்கிற கருவியை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. கருவியை மட்டம் வேண்டிய இரண்டு இடங்களுக்கும் சரியாக நடுவில் வைத்து, ஒரே முகத்தை முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம் திருப்பி மார்க் எடுத்தால், தூரம் சமம் என்பதால் இரண்டிலும் ஒரே அளவு ஏறியிருக்கும், இரண்டு மார்க்கும் ஒன்றுக்கொன்று மட்டமாகவே இருக்கும். சர்வேக்காரர்கள் முன்பார்வை, பின்பார்வைத் தூரங்களைச் சமமாக வைப்பது இதற்காகத்தான். கருவி நல்லதாக இருந்தாலும் அறை நடுவில் வைப்பது நல்ல பழக்கம். ஆனால் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் திருகுகளை நீங்களே திருக வேண்டாம். ஒன்றைச் சரி செய்தால் பெண்டுலத்தின் எடைச் சமநிலை மாறி மற்ற லைன்கள் நகரும், தூசி உள்ளே போகும், வாரண்டியும் போகும், திறந்த நிலையில் விரியாத ஒளி நேராகக் கண்ணுக்கு வரவும் கூடும்.

வேலையில் ஒரு விஷயம் மட்டும். தரை மட்டத்திலேயே லைனை ஓட்டி டைல் பதிக்க முயலாதீர்கள், சிமெண்டும் ஆளும் மறைத்துக்கொண்டே இருக்கும். முடிந்த தரைக்கு 1 மீட்டர் மேலே எல்லாச் சுவரிலும் ஒரு மட்டக்கோடு எடுத்து, சாக் நூலால் அடித்துவிட்டு, கருவியை அணைத்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மேஸ்திரி அந்தக் கோட்டிலிருந்து டேப்பால் இறக்கி, தரை உயரத்துக்கு அடையாளமாக புல் மார்க் வைத்துக்கொள்வார். பாத்ரூம் வாட்டத்துக்கும் லாக் போட்டுச் சாய்க்க வேண்டாம். மட்ட லைனே போதும், வாசலில் லைனிலிருந்து தரைக்கு 100 செ.மீ. என்றால் 2 மீட்டர் தள்ளி, தண்ணீர் வெளியேறும் ஜாலியில் 102, மீட்டருக்கு ஒரு சென்டி வாட்டம் வந்துவிட்டது.

முடிந்ததும் அணைத்து லாக் போடுங்கள், பெரும்பாலான கருவிகளில் லாக் திருகே அணைக்கும் சுவிட்சும்கூட. ஒளி வெளிவரும் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், சிமெண்ட் தூசி கீறிவிடும், மென்மையான ஈரத் துணி போதும். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், உப்பிப்போன லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள். கீழே விழுந்தால், தூரமாக எடுத்துப் போய் வந்தால், இரவல் கொடுத்துத் திரும்பி வந்தால் சோதனை முழுசாக மறுபடியும். மேலே சொன்ன எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலைதான்.

உங்கள் விஷயத்தில் இன்றைக்கே செய்ய வேண்டியது: முதலில் லாக் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு, மேஸ்திரியைக் கூட வைத்துக்கொண்டே தட்டிப் பார்ப்பதையும் இரண்டு சுவர்ச் சோதனையையும் செய்யுங்கள், அவர் கண்ணால் பார்த்தால் பிறகு வாக்குவாதம் வராது. அ1, அ2 ஒரு நூலுக்குள் வந்தால் டியூபில் குமிழி தேடுங்கள், அதையும் எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே இரண்டு புள்ளிகளில் மறுபடி ஒப்பிடுங்கள். தப்பு லேசரில்தான் என்று ஆகிவிட்டால், இரண்டு மார்க்குக்கும் பக்கத்தில் டேப்பை வைத்து அளவு தெரியும்படி போட்டோவும், சாய்த்துவிட்டால் லைன் திரும்பி வராமல் நிற்பதை ஒரு சிறு வீடியோவும் எடுத்துக்கொண்டு, ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் புகார் போட்டுவிடுங்கள். அதுவரை டைல்ஸ் வேலை டியூபிலேயே நடக்கட்டும்.